மெஷினுக்கு மறதி வந்தால்…

நம் சங்கத்து அன்பர்களில் பலர் பட்டறைத் தொழிலில் இருப்பவர்கள். தாராவியிலிருந்தும், மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்தும், செம்பூரிலிருந்தும் காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பி, சாக்கிநாக்கா, குர்லா, தானா என்று காலாக்களில் லேத்தும் மில்லிங் மெஷினும் ஓட்டுகிறவர்கள். சிலர் ஆபரேட்டராகச் சேர்ந்து, செட்டராகி, பிறகு சொந்தமாக ஒரு காலா எடுத்து, ஒரு பழைய சி.என்.சி. மெஷினைக் கடனில் வாங்கிப் போட்டு முதலாளி ஆனவர்கள். அவர்களுக்காகவும், டிப்ளமோ படிக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் இந்தக் கட்டுரை.

என் அத்தானும் அப்படிப்பட்ட ஒருவர்தான். சாக்கிநாக்காவில் சிறு காலா. அதில் ஒரே ஒரு சி.என்.சி. லேத். மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையிலிருந்து பழசாக வாங்கியது. அதன் மூளையாக இருப்பது ஃபனுக் 0 கண்ட்ரோல். 2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. காலாவைப் பூட்டினார்கள். மே மாதம் குடும்பத்தோடு திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போனவர்கள், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்புதான் திரும்பினார்கள். சாமி படத்துக்கு விளக்கேற்றி மெயின் சுவிட்சைப் போட்டால், திரை முழுவதும் அலாரம். மெஷினுக்குத் தன் பெயர் தவிர வேறெதுவும் நினைவில்லை!

ஊரடங்குக்கு முன்பே ஆபரேட்டர் தம்பி ஒரு நாள், "அண்ணாச்சி, திரைக்கு அடியில ‘பேட்’ ‘பேட்’னு மின்னுது" என்று சொல்லியிருக்கிறான். "கிரிக்கெட் பேட்டா இருக்கும், வேலையைப் பாருலே" என்று அத்தான் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அது பேட்டரி என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்து. அந்தச் சிரிப்புக்கு அவர் கொடுத்த விலை, இரண்டு குடும்பங்களின் பத்து நாள் வருமானம்.

மெஷின் எதை மறக்கிறது?

பழைய சி.என்.சி. கண்ட்ரோலில் இரண்டு விதமான நினைவு உண்டு. ஒன்று, தயாரிப்பாளர் சிப்பில் பதித்துக் கொடுப்பது. கல்லில் செதுக்கிய எழுத்து மாதிரி. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அழியாது. மற்றொன்று, மின்சாரம் இருக்கும் வரை மட்டும் நிற்பது. சிலேட்டில் எழுதியது மாதிரி. மெயின் சுவிட்சை அணைத்த பிறகு இந்தச் சிலேட்டைக் காப்பாற்றுவது ஒரு சிறு பேட்டரிதான். ஃபனுக் 0 வகையில் அது நாம் பெரிய டார்ச் லைட்டில் போடுகிற தடித்த பேட்டரி: மூன்று, ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், ஆக 4.5 வோல்ட்.

அந்தச் சிலேட்டில் என்னென்ன இருக்கிறது? நாம் எழுதிய ப்ரோக்ராம்கள், டூல் ஆஃப்செட்டுகள் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. இவற்றைவிட முக்கியமானது பாராமீட்டர். நூற்றுக்கணக்கான எண்களால் ஆன பட்டியல் அது. மோட்டார் எவ்வளவு வேகத்தில் ஓடலாம், ஸ்லைடு எதுவரை போகலாம், ஹோம் எங்கே, பால் ஸ்க்ரூவில் எவ்வளவு தளர்வு இருக்கிறது, அதை எப்படி ஈடுசெய்வது என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் செய்த இரண்டு மெஷின்களுக்குக்கூட இந்தப் பட்டியல் அச்சு அசலாக ஒன்றாக இராது. இரட்டைப் பிள்ளைகளானாலும் கைரேகை வேறுதானே!

எனவேதான் பக்கத்துக் காலாவிலிருந்து பட்டியலைக் கடன் வாங்கி அடிப்பது ஆபத்து. எல்லை எண் ஒன்று தவறினால், டரட் நேராகப் போய்ச் சக்கில் மோதும்.

காகிதம் உதவியது, ஆனால் பாதி வழிதான்

பல மெஷின்களில் மின் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஓர் உறை இருக்கும். அதில் தயாரிப்பாளர் கொடுத்த பாராமீட்டர் தாள் இருக்கும். அத்தானின் அதிர்ஷ்டம், தாள் இருந்தது. அவரும் என் மருமகனும் உட்கார்ந்து, ஒருவர் படிக்க ஒருவர் அடிக்க, இரண்டு நாளில் ஏற்றி முடித்தார்கள். மெஷின் ஓடியது. ஆனால் வந்த பீஸ் ஒவ்வொன்றும் 0.04 மில்லிமீட்டர் தள்ளியே வந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தத் தாள், மெஷின் பிறந்த நாளில் எழுதிய ஜாதகம். அதற்குப் பிறகு பழைய தொழிற்சாலையில் யாரோ பால் ஸ்க்ரூவை மாற்றி, தளர்வு எண்ணையும் ஹோம் நிலையையும் புதிதாக அளந்து மெஷினில் மட்டும் திருத்தியிருக்கிறார்கள், தாளில் குறிக்கவில்லை. டயல் கேஜ் வைத்து ஒவ்வொன்றாக மீண்டும் அளந்து சரி செய்ய இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. மெஷினில் இருந்தது வெறும் எண் அல்ல. முகம் தெரியாத ஒரு ஃபிட்டரின் பல நாள் உழைப்பு. அது மூன்று பேட்டரியோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு மருமகன் செய்த முதல் வேலை, மெஷினை ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்து எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்ததுதான்.

மெஷின் கம்ப்யூட்டரை அறியாது

இங்கே ஒரு பழைய கதையைத் தெரிந்துகொண்டால் பின்வரும் செய்முறை முழுவதும் எளிதாகப் புரியும். எண்களால் இயங்கும் மில்லிங் மெஷினை அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 1952இல் செய்து காட்டினார்கள். அதற்குக் கட்டளை கொடுத்தது துளையிட்ட காகித நாடா. ஜப்பானில் 1956இல் ஃபுஜிட்சு நிறுவனத்துக்குள் தொடங்கி 1972இல் தனி நிறுவனமான ஃபனுக்கும் இந்த நாடா மரபில் வளர்ந்ததுதான். நாடா போய்ப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் பழைய கண்ட்ரோலின் பின்னால் இருக்கும் 25 முள் கனெக்டரில், இன்னமும் ஒரு நாடா படிக்கும் கருவியும் ஒரு நாடா துளைக்கும் கருவியும் மாட்டியிருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொண்டிருக்கிறது. நாம் அங்கே கம்ப்யூட்டரை மாட்டி, அதை நாடாக் கருவியாக நடிக்க வைக்கிறோம். அவ்வளவுதான் விஷயம்.

நாடாவின் குறுக்கே ஓர் எழுத்துக்கு எட்டு இடம். ஏழு இடம் எழுத்துக்கு. எட்டாவது இடம் காவலுக்கு. துளைகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வரும்படி, தேவையானால் அங்கே ஒரு துளை போடுவார்கள். ஒரு துளை கிழிந்தாலோ அடைத்தாலோ எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடும், மெஷின் கண்டுபிடித்துவிடும். இன்றும் கம்ப்யூட்டரில் "டேட்டா 7 பிட், பாரிட்டி ஈவன்" என்று வைப்பது இந்தத் துளைகளின் நினைவாகத்தான். நாடாவின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் சதவீதக் குறி இன்றும் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் காலிலும் நிற்கிறது. நினைவகத்தின் அளவைக்கூட அவர்கள் மீட்டரில்தான் சொன்னார்கள்! நாடாவில் அங்குலத்துக்குப் பத்து எழுத்து என்பதால், "80 மீட்டர் நினைவகம்" என்றால் ஏறத்தாழ 31,500 எழுத்து.

கேபிள்

கம்ப்யூட்டருக்கும் இந்தக் கனெக்டருக்கும் பொதுவான பேச்சு வழக்கு ஆர்.எஸ். 232. 1960இல் வந்து, 1969இல் ‘சி’ என்ற திருத்தத்தோடு நிலைபெற்ற முறை. இன்றைய லேப்டாப்பில் இதற்கான 9 முள் கனெக்டர் இராது. லாமிங்டன் ரோடு கடைகளில் யு.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கன்வர்ட்டர் கிடைக்கும். அங்கேயே 25 முள், 9 முள் கனெக்டர்களும், மேலே வலைக்கவசம் உள்ள மூன்று இழை ஒயரும் வாங்கி, நீங்களே சால்டர் வைத்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் பக்கம் 9 முள், மெஷின் பக்கம் 25 முள் என்று வைத்துக்கொண்டால், இணைப்பு மூன்றே மூன்று:

கம்ப்யூட்டர் 2 – மெஷின் 2
கம்ப்யூட்டர் 3 – மெஷின் 3
கம்ப்யூட்டர் 5 – மெஷின் 7

ஒரு பக்கம் பேசும் முள், மறு பக்கம் கேட்கும் முள்ளோடு சேர வேண்டும். கம்ப்யூட்டரின் 2 கேட்பது, மெஷினின் 2 பேசுவது. எனவே நேருக்கு நேர் சரியாகிவிடுகிறது. 5ம் 7ம் பொது இணைப்பு. இவை தவிர, "எதிரில் இருப்பவர் தயாரா?" என்று மெஷின் பார்க்கும் சில முட்கள் உண்டு. மெஷின் பக்கத்துக் கனெக்டருக்குள்ளேயே 4ஐயும் 5ஐயும் ஒன்றாகவும், 6, 8, 20 மூன்றையும் ஒன்றாகவும் சிறு ஒயரால் சேர்த்துவிட்டால், தன் கேள்விக்குத் தானே பதில் கேட்டுக்கொண்டு மெஷின் திருப்தி அடைந்துவிடும். அதேபோல் கம்ப்யூட்டர் பக்கம் 7ம் 8ம் ஒன்று. 1, 4, 6 ஒன்று.

கடைகளில் 25 முள்ளும் இணைத்த ஆயத்த கேபிள் கிடைக்கிறதே என்று அதை வாங்கி மாட்டாதீர்கள். ஃபனுக் கனெக்டரின் 25ஆவது முள்ளில் 24 வோல்ட் வருகிறது. அந்தக் காலத்து நாடாக் கருவிக்கு மின்சாரம் கொடுக்க வைத்தது அது. தெரியாமல் அது லேப்டாப்புக்குள் போனால் லேப்டாப்பும் போகும், கண்ட்ரோல் போர்டும் போகலாம். கேபிளை மாட்டும்போதும் கழற்றும்போதும் மெஷின் அணைந்திருக்கட்டும். நினைவைக் காக்கும் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு அணையுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி, அதன் சொந்த பேட்டரியில் ஓட்டுவது நல்லது. நம் காலாக்களில் எர்த் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இருவரும் ஒரே மொழி பேச வேண்டும்

கம்ப்யூட்டரில் ஒரு டெர்மினல் ப்ரோக்ராம் தேவை. முன்பு விண்டோஸுடன் ஹைப்பர் டெர்மினல் சேர்ந்தே வந்தது. விஸ்டாவிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது டெரா டெர்ம் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் வைக்க வேண்டியவை: வேகம் 4800, டேட்டா 7 பிட், பாரிட்டி ஈவன், ஸ்டாப் 2 பிட், ஃப்ளோ கண்ட்ரோல் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப். கடைசியாகச் சொன்னது, "போதும், நிறுத்து", "சரி, மேலே சொல்லு" என்று மெஷின் கொடுக்கும் சைகை. அதைக் கம்ப்யூட்டர் மதிக்காவிட்டால், மெஷின் விழுங்குவதற்குள் அடுத்த கவளத்தைத் திணித்த மாதிரி ஆகிவிடும்.

மெஷின் பக்கமும் இதே அமைப்பு இருக்க வேண்டும். ஃபனுக் 0 வகையில் செட்டிங் பக்கத்தில் ஐ/ஓ 0 என்றும், ஐ.எஸ்.ஓ. 1 என்றும் வைத்தால், வேகத்தைச் சொல்வது 552ஆம் பாராமீட்டர்; அதில் 10 என்றால் 4800. இரண்டு ஸ்டாப் பிட் என்பதைச் சொல்வது 2ஆம் பாராமீட்டரின் கடைசி இலக்கம்; அது 1 ஆக இருக்க வேண்டும். மற்ற கண்ட்ரோல்களில் எண்கள் மாறும். அந்தந்தக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். நினைவு முழுவதும் அழிந்தால் இந்த எண்களும் அழிந்துவிடும். அப்போது கம்ப்யூட்டரில் பிரதி இருந்தும், அதை வாங்கிக்கொள்ளும் வழியை மெஷின் மறந்திருக்கும். எனவே இந்த நாலைந்து எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.

பிரதி எடுப்பதும் ஏற்றுவதும்

பிரதி எடுக்கும்போது முதலில் கம்ப்யூட்டர் காது கொடுத்துத் தயாராக இருக்க வேண்டும். டெர்மினலில் "வருவதையெல்லாம் ஃபைலில் பதி" என்று வைத்துவிட்டு, மெஷினை எடிட் முறையில் வைத்து, பாராமீட்டர் பக்கத்துக்குப் போய், அவுட்புட் ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். எழுத்துகள் ஓடி வரும். ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட்டையும் சேர்த்து 11 பிட் ஆகிறது. 4800 வேகத்தில் வினாடிக்குச் சுமார் 436 எழுத்து. 10,000 எழுத்துள்ள ஃபைல் அரை நிமிடத்துக்குள் வந்து சேரும். அத்தானும் மருமகனும் இரண்டு நாள் கண் வலிக்க அடித்ததை நினைத்துப் பாருங்கள்!

பாராமீட்டரோடு நிறுத்திவிடாதீர்கள். ப்ரோக்ராம்கள், ஆஃப்செட்டுகள், டைமர், கவுண்ட்டர் முதலியவை இருக்கும் பி.எம்.சி. டேட்டா ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபைலாக எடுங்கள். ஃபைலைத் திறந்து, தலையிலும் காலிலும் சதவீதக் குறி இருக்கிறதா, நடுவில் குப்பை எழுத்து ஏதும் இல்லையா என்று பார்த்த பிறகே "எடுத்தாயிற்று" என்று சொல்ல வேண்டும்.

ஏற்றும்போது வரிசை தலைகீழ். எமர்ஜென்சி பட்டனை அழுத்தியே வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங் பக்கத்தில் பி.டபிள்யு.ஈ. என்பதை 1 ஆக்கினால்தான் பாராமீட்டரை எழுத மெஷின் சம்மதிக்கும். உடனே 100ஆம் எண் அலாரம் வரும். பயப்பட வேண்டாம், "பூட்டு திறந்திருக்கிறது" என்ற அறிவிப்புதான் அது. 900 எண் வரிசையில் உள்ளவை, மெஷின் வாங்கியபோது எந்தெந்த வசதிகளுக்குப் பணம் கட்டினார்கள் என்பதைச் சொல்பவை. அவற்றைக் கையால் முதலில் அடித்து, ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகு மற்றவற்றை ஏற்றுவது வழக்கம். அடுத்து, எடிட் முறையில் பாராமீட்டர் பக்கத்தில் இன்புட் பட்டனை அழுத்தி மெஷினைக் காத்திருக்கச் செய்து, பிறகு கம்ப்யூட்டரிலிருந்து ஃபைலை அனுப்புங்கள்.

தகராறு வந்தால் அலாரம் எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். 85 என்றால் வேகமோ பிட்டோ பாரிட்டியோ பொருந்தவில்லை. 86 என்றால் "எதிரில் ஆள் இல்லை". கேபிளில் 6, 8, 20 இணைப்பைப் பாருங்கள். 87 என்றால் நிறுத்தச் சொல்லியும் கம்ப்யூட்டர் நிறுத்தவில்லை. எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் அமைப்பைச் சரி பாருங்கள்.

முடிந்ததும் பி.டபிள்யு.ஈ.யை 0 ஆக்கி, மெஷினை அணைத்துப் போடுங்கள். உடனே ஜாப் மாட்டிவிடாதீர்கள். வேகத்தைக் குறைந்த அளவில் வைத்து, ஒவ்வொரு ஆக்ஸிஸாக மெல்ல நகர்த்தி, ஹோம் எடுத்து, எல்லையில் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு பீஸ் இல்லாமல் ஒரு ப்ரோக்ராமைச் சிங்கிள் பிளாக்கில் ஓட்டுங்கள். அதன் பிறகுதான் முதல் பீஸ்.

மருந்தைவிட வருமுன் காத்தல்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அத்தானின் மெஷின் மீண்டும் நினைவிழந்தது. இம்முறை மின்னும் எச்சரிக்கையை எல்லோரும் மதித்தார்கள். ஆனால் புதிதாக வந்த பையன், "பேட்டரி மாற்றும்போது மெயினை அணைப்பதுதானே பத்திரம்" என்று அணைத்துவிட்டு மாற்றிவிட்டான். வீட்டு வயரிங்கில் அது நல்ல பழக்கம். இங்கே அதுவே தவறு. இந்த பேட்டரியை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். பையன் கண் கலங்கி நின்றான். மருமகன் லேப்டாப்பைத் திறந்து, "பயப்படாதேப்பா, எல்லாம் இருக்கு" என்றான். டீ வருவதற்குள் பாதி ஏறிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன் பீஸ் வந்தது, அளவு சரியாக.

முன்பு பத்து நாள், இப்போது அரை நாள். வித்தியாசம் ஒரு கேபிளும் சில ஃபைல்களும்தான்.

2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். மும்பையில் மின்சாரம் எப்போது போகும், எத்தனை நாளில் வரும் என்பது நம் கையில் இல்லை. பேட்டரி நம் கையில் இருக்கிறது. மூன்று நல்ல அல்கலைன் பேட்டரிக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். தேதி நினைவில் நிற்காது என்பவர்களுக்கு ஒரு யோசனை: ஆயுத பூஜைக்கு நாம் எப்படியும் மெஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அதற்கு முந்தின நாள், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியை மாற்றி, புதிய பிரதி ஒன்றும் எடுத்துவிடுங்கள். ஃபைலின் பெயரில் தேதி இருக்கட்டும். ஒரு பிரதி லேப்டாப்பில், ஒன்று பென் டிரைவில், ஒன்று வீட்டில். நடுவில் ஸ்க்ரூவோ மோட்டாரோ மாற்றினால், அன்றே இன்னொரு பிரதி.

இந்த வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. டிப்ளமோ படிக்கும் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொள்ளலாம். முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு, சயான் வி.என். புரவ் மார்க்கில் மத்திய அரசின் தேசியத் திறன் பயிற்சி நிலையம் இருக்கிறது. 1887இல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. நம் மாட்டுங்காவிலேயே இருக்கிறது.

நம் பட்டறைகளில் பல விஷயங்கள் ஒரே ஓர் ஆளின் தலைக்குள்தான் இருக்கின்றன. எந்த மெஷினுக்கு என்ன தளர்வு, எந்த ஜாபுக்கு எந்த ஆஃப்செட் என்று அந்தப் பெரியவருக்குத்தான் தெரியும். அவர் ஊருக்குப் போய்விட்டால் காலா திணறுகிறது. மெஷினிடமிருந்து பிரதி எடுக்கும் அதே நாளில், அவர் பக்கத்திலும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். அவருக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.